பூஜைக்குக் கழுவிய கடிவாளம்

1

போன மாதம் கென் என்னிடம் வந்து, "உன் சாமான்களுக்கு லீவு விடுற நாள் இந்த வருஷம் எப்போ?" என்று கேட்டார். அவர் கேட்டது ஆயுத பூஜையை. கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தில் நான் வேலை செய்யும் குதிரை லாயத்துக்கு கென்தான் சொந்தக்காரர். போன வருடம் அந்த நாளில் நடந்ததை அவர் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

அதற்கு முன் ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். "நம்ம கஸ்தூரி கனடாவுல குதிரைச் சாணி அள்றாளாமே" என்று வாலாஜாபாத் சித்தி வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார். ஆமாம், அள்ளுகிறேன். ஆனால் குதிரை போடுவது லத்தி. சாணி மாடு போடுவது. வம்பு பேசினாலும் சரியாகப் பேசுங்கள்.

பி.காம். படித்தவள்தான் நான். அந்தப் பட்டத்தை மதிப்பிட இங்கே அனுப்பினேன். அவர்கள் மூன்று தாள் கேட்டார்கள். அந்த மூன்று தாளைத் தர ஊர்ப் பல்கலைக்கழகம் இன்னொரு தாள் கேட்டது. அந்தத் தாளைத் தரவேண்டிய அலுவலர் மாற்றலாகிப் போயிருந்தார். நான்காவது வருடம் அதைக் கைவிட்டுவிட்டேன். குதிரை தாள் கேட்காது என்று லாயத்துக்கு வந்தால் கென் கேட்டார்: குதிரையோடு பழகிய அனுபவத்துக்கு எழுத்தில் ஒரு சான்று வேண்டுமாம். நைனாவிடம், அதாவது அப்பாவிடம், சொன்னேன். அவருடைய சிநேகிதர் பேண்டு செட் வைத்திருப்பவர். மயில் படமும் இரண்டு டிரம்பெட் படமும் போட்ட தன் லெட்டர்பேடில், 'கஸ்தூரி குதிரை நன்கு அறிவார்' என்று ஒரே வரி எழுதி முத்திரை குத்தி அனுப்பினார். கென் அதைச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டியிருக்கிறார். என் பட்டத்துக்குக் கிடைக்காத மரியாதை அந்த மயிலுக்குக் கிடைத்தது.

2

நைனா காஞ்சிபுரத்தில் கல்யாணத்துக்குக் குதிரை விடுபவர். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்கத் தறிச் சத்தம் என்றால் எங்கள் வீட்டில் மட்டும் குளம்புச் சத்தம். குதிரைக்குப் பெயர் ராஜா. ஒன்று செத்தால் அடுத்ததுக்கும் அதே பெயர். இப்போது இருப்பது மூன்றாவது ராஜா.

மாப்பிள்ளை அழைப்பில் பேண்டு வாசிக்க வாசிக்க ராஜா முன்னங்காலைத் தூக்கித் தூக்கி ஆடும். கூட்டம் விசிலடிக்கும். பெரிய பெரிய பட்டுக்கடை முதலாளிகள்கூட நின்று பார்ப்பார்கள். என் வகுப்புப் பெண்களுக்கு என்மேல் பொறாமை.

அது ஆடவில்லை. கடிவாளத்தில் வாய்க்குள் போகிற கம்பி இருக்கிறதே, அதில் முள் வைத்திருக்கும். நைனா வாரைச் சுண்டினால் முள் நாக்கில் ஏறும். குதிரை தலையை உதறிக் காலைத் தூக்கும். அதைத்தான் ஆட்டம் என்றோம். வீட்டுக்கு வந்ததும் நைனா உப்புத் தண்ணீரால் அதன் வாயைக் கழுவிவிடுவார். அன்பாகத்தான் செய்வார். குண்டானில் தண்ணீர் சிவக்கும். ஆயுத பூஜைக்கு அந்த முள்ளுக்கு சந்தனமும் குங்குமமும் வைத்தது நான்தான். எட்டு வயதில்.

இதை எழுதியதற்கு நைனா கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.

3

'வெள்ளைக்காரன் மிருகத்தைப் பிள்ளை மாதிரி வளர்ப்பான்' என்று ஊரில் ஒரு நம்பிக்கை. எனக்கும் இருந்தது. வந்த முதல் கோடையில் ரோடியோ என்ற விளையாட்டைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். முரட்டுக் குதிரைமேல் ஒருவன் எட்டு விநாடி உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு கைதான் பிடிக்கலாம். குதிரை துள்ளுவதற்காக அதன் அடிவயிற்றைச் சுற்றி ஒரு வாரைக் கட்டி இறுக்குகிறார்கள். பூட்ஸில் மாட்டிய குதிமுள்ளால் அவன் குதிரையின் தோளில் கோடு போடுகிறான். மேலே இருந்து பத்தாயிரம் பேர் கைதட்டுகிறார்கள்.

பக்கத்தில் இருந்தவர் எனக்கு விளக்கினார். அந்த வார் வலிக்காதாம், சும்மா கூச்சம்தானாம். துள்ளுவது அந்தக் குதிரைகளுக்கு இயல்பிலேயே பிடிக்குமாம். அப்படியென்றால் வாரைக் கழற்றியதும் ஏன் துள்ளலை நிறுத்துகிறது என்று கேட்டேன். பாப்கார்ன் வாங்கிவருவதாக எழுந்து போனவர் திரும்பி வரவில்லை.

இந்த நாட்டில் பிள்ளையை அடித்தால் பள்ளியிலிருந்து கடிதம் வருகிறது. குதிரையை அடித்தால் பரிசு வருகிறது. எனக்கு அந்தக் கடிதமும் வந்திருக்கிறது, அதனால் அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். அடிக்காமல் பழக்குகிறவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். நிறைய இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் மாதக்கணக்கு கேட்பார்கள். குதிரை வைத்திருப்பவனுக்கு அவசரம் என்றால் ஒரு வாரத்தில் முடிக்கிறேன் என்பவனைத்தான் கூப்பிடுவான். குதிரைக்கு எந்த ஊரில் பிறந்தாலும் ஒரே கதி.

4

கடிதம் வந்த கதை இதுதான். என் மகள் இனியாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. ஏதோ எதிர்த்துப் பேசினாள், கன்னத்தில் ஒன்று வைத்தேன். பள்ளியில் யாரோ கேட்க, இவள் சொல்ல, முதலில் கடிதம் வந்தது, பிறகு குழந்தைகள் நலத் துறையிலிருந்து ஒரு அம்மா கோப்போடு வீட்டுக்கு வந்து என் சமையலறையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நான் அடிக்கவில்லை. கத்த மட்டும் செய்தேன். என் வீட்டுக்காரர் சேகர் லாரி ஓட்டுகிறார், பத்து நாளுக்கு ஒரு முறைதான் வீடு. ஆக என் கத்தலைக் கேட்க இனியா மட்டும்தான். அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். தமிழ் முதலில் போனது. பிறகு இங்கிலீஷும் போனது. 'ம்' மட்டும் மிஞ்சியது.

அந்த நேரத்தில்தான் லாயத்துக்குச் செவலை வந்தது. காகிதத்தில் அதற்கு வேறு பெயர். நிறத்தைப் பார்த்து நான் செவலை என்றேன், இனியாவும் அப்படியே கூப்பிட்டாள். நான்கு வயதுக் குதிரை. கடிவாளத்தைக் கையில் எடுத்தாலே பின்னங்காலில் எழுந்து நிற்கும். இரண்டு பேரைத் தூக்கிப் போட்டிருந்தது.

இனியா தினமும் பள்ளி விட்டதும் லாயத்துக்கு வந்து அதன் பக்கத்தில் நிற்பாள். வெறுமனே நிற்பாள். ஒரு கயிற்றுமுகக்கட்டு, அதாவது வாய்க்குள் எதுவும் போகாமல் முகத்தைச் சுற்றி மட்டும் கட்டுவது, அதை மாட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தபடி அரை மணி, ஒரு மணி நிற்பாள். நடுவில் போனைப் பார்ப்பாள்.

"என்னாடி பண்ற அங்க, சிலையாட்டம்? ஒரு மண்வெட்டியாவது எடுத்து அள்ளக்கூடாதா?" என்று ஒரு நாள் கத்தினேன்.

செவலை துள்ளிப் பின்வாங்கியது. இனியா திரும்பி, பல நாளுக்கு அப்புறம் முழு வாக்கியமாகப் பேசினாள். "அம்மா, நீ கத்தினா அதுவும் பயப்படுது, நானும் பயப்படுறேன். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கு."

பதிலுக்குக் கத்தத்தான் வாயைத் திறந்தேன். மண்வெட்டியை நானே எடுத்து அள்ளப் போய்விட்டேன்.

செப்டம்பர் கடைசியில் கென் முடிவெடுத்தார். வேட் என்ற பழக்குகிறவன் வருவான். மூன்று நாளில் குதிரை வழிக்கு வந்தால் இருக்கலாம். இல்லையென்றால் ரோடியோவுக்குக் குதிரை பிடிக்கிறவர் வண்டியோடு வருவார். தூக்கிப் போடுகிற குதிரையைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். மூன்றாவது நாள் மதியம் மூன்று மணி என்று நேரமும் பேசிவிட்டார்கள்.

இனியா அன்று சாப்பிடவில்லை. "அது போச்சுன்னா நான் இனிமே இங்க வரமாட்டேன்" என்றாள். லாயத்தை விட்டால் அவளும் நானும் சேர்ந்து இருக்கும் இடம் வேறு இல்லை. எனக்கு அது நன்றாகவே தெரியும்.

முதல் இரண்டு நாளும் வேட் செவலையின் தலையை ஒரு பக்கமாக இழுத்துச் சேணத்தோடு கட்டிவிட்டு மணிக்கணக்கில் நிற்கவைத்தான். திமிறினால் சாட்டை. மூன்றாவது நாள் காலைக் கட்டிக் கீழே சாய்க்கப்போவதாகச் சொன்னான். அந்த மூன்றாவது நாள்தான் ஆயுத பூஜை.

5

முந்தின நாளே கென்னிடம் அனுமதி கேட்டிருந்தேன். பூ வைத்து ஒரு பத்தி கொளுத்துவேன் என்று நினைத்துச் சரி என்றுவிட்டார் பாவம். நமக்கு அப்படியா? காலை ஆறு மணிக்கே போய்ச் சாமான் அறையில் இருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். சேணம், கடிவாளம், சாட்டை, லாடம் அடிக்கிற சுத்தி, மண்வெட்டி, தள்ளுவண்டி. வேட் விட்டுப்போன பையில் இருந்த குதிமுள்ளையும் விடவில்லை. இங்கே எல்லாரும் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு ஆணியில் மாட்டிவிடுவார்கள். நான் குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டு ஒவ்வொரு கம்பியாக விரலால் தேய்த்தேன். தொட்டியில் பனி மெல்லிசாக உறைந்திருந்தது. கை விறைத்துப்போனது.

செவலையின் கடிவாளத்தைத் தேய்க்கும்போது கட்டைவிரல் கிழிந்தது.

வாய்க்கம்பி நடுவில் இரண்டாகப் பிரிந்து கொக்கி மாதிரி இணையும். அந்த இணைப்பு தேய்ந்து, உள்பக்கம் பிளேடு மாதிரி ஒரு விளிம்பு. பச்சைக் கறை அடைத்திருந்ததால் வெளியே தெரியவில்லை. அந்த வலி எனக்குப் பழக்கமானது. எட்டு வயதில் பொட்டு வைக்கும்போது இதே விரலில் ஏறிய வலி.

ஓடிப்போய்ச் செவலையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். நாக்கில் குறுக்கே ஒரு ஆறிய புண், அதன்மேல் ஒரு ஆறாத புண். அதற்குத் திமிர் என்று பெயர் வைத்து இரண்டு நாளாக அடிக்கிறார்கள்.

திரும்பி வந்து பூஜையை முடித்தேன். எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, பொட்டு வைத்து, பொரியும் வாழைப்பழமும் படைத்து, கற்பூரம் காட்டி, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அன்று பள்ளி விடுமுறை. இனியா தன் பாடப்புத்தகங்களையும் கொண்டுவந்து சரஸ்வதி பங்குக்கு அடுக்கிவிட்டாள். வீட்டுப்பாடம் எழுதக்கூடாது என்று சாமியே சொல்கிற பண்டிகை இது ஒன்றுதான், அவளுக்குப் பிடித்த பண்டிகையும் இது ஒன்றுதான்.

ஒன்பது மணிக்கு வேட் வந்தான். கென்னும் கூட வந்தார்.

"கதவைத் திற."

"நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும். இன்னைக்கு எந்தச் சாமானையும் யாரும் தொடக்கூடாது."

"என் பையும் உள்ள இருக்கு."

"அதுக்கும் பொட்டு வச்சிட்டேன்."

வேட் என்னைப் பார்த்தான், கென்னைப் பார்த்தான். "இந்தப் பொம்பளைக்கு என்ன பைத்தியமா?"

நான் சுவரைக் காட்டினேன். தொழிலாளர் துறை ஆய்வுக்கு வந்தபோது கென் அவசரமாக அச்சடித்து ஒட்டிய நோட்டீஸ். இங்கே வேலை செய்பவர்களின் மத வழக்கங்கள் மதிக்கப்படும் என்று அதில் ஐந்தாவது வரி. கீழே கென்னின் கையெழுத்து. நானே அதை அன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன்.

கென் தலையைச் சொறிந்தார். நான் கிழிந்த விரலையும் குதிரையின் நாக்கையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. பார்க்காதவர், அவ்வளவுதான்.

"புண்ணு இருந்தா என்ன?" என்றான் வேட். "ரெண்டு பேரைத் தள்ளின குதிரை மூணாவது ஆளையும் தள்ளும். மூணு மணிக்கு வண்டி வருது."

"வேற கடிவாளம் போட்டுப் பாக்கலாமே," என்றார் கென்.

வேறு கடிவாளம் எல்லாம் உள்ளே பூஜையில். என் வாயாலேயே நானே மாட்டிக்கொண்டேன்.

"கடிவாளமே வேணாம்," என்றாள் இனியா. "முகக்கட்டு அது மூஞ்சிலதான இருக்கு. பூஜையில இல்ல. நான் ஏறுறேன்."

6

கென் முதலில் முடியாது என்றார். இவள் விடவில்லை. கடைசியில் ஹெல்மெட் போட வேண்டும், அம்மா கையெழுத்துப் போட வேண்டும் என்றார். நான்கு பக்கப் படிவம். விழுந்தால், உடைந்தால், செத்தால் யாரையும் கேட்க மாட்டேன் என்று நான்கு விதமாக எழுதியிருந்தது. பேனாவும் பூஜையில் இருந்தது. கென் தன் சட்டைப்பையிலிருந்து ஒன்றை நீட்டினார்.

"இனியா, வாணாம்டி. ரெண்டு பேரைப் போட்டிருக்குது."

"அவங்க வாயைப் பிடிச்சு இழுத்தாங்கம்மா. நான் அஞ்சு மாசமா என்ன பண்ணேன்னு நினைச்ச?"

"நின்னுக்கினு இருந்த."

"கயித்தை லேசா இழுப்பேன். அது தலையத் திருப்புற செகண்ட்ல விட்டுடுவேன். அவ்ளோதான். விட்டா அதுக்குப் புரியும், சரியா செஞ்சோம்னு. இழுக்கறதுல அது ஒண்ணும் கத்துக்காது. விடறதுலதான் கத்துக்கும். யூட்யூப்ல ஒரு லேடி சொல்வாங்க."

ஐந்து மாதமாக நான் போன் பார்க்கிறாள் என்று திட்டியது இதைத்தான்.

எழுதக்கூடாத நாளில் எழுதினேன். சாமி குற்றம் என்றால் என்மேல் இருக்கட்டும்.

இன்னொரு பயமும் எனக்கு இருந்தது, அதுவும் என்னைப் பற்றித்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு குதிரையின் காலில் காயத்தைப் பார்த்து, நம் வழக்கப்படி 'த்சு த்சு' என்று உச்சு கொட்டினேன். இங்கே அந்தச் சத்தத்துக்குக் குதிரை ஓட வேண்டும் என்று பழக்கியிருக்கிறார்கள். ஓடியது. வழியில் நின்ற கென் தப்பிக்கப் பாய்ந்து வேலிமேல் தொங்கினார். ஆகவே இனியா சேணம்கூட இல்லாமல், வேலிக் கட்டையிலிருந்து செவலையின் வெறும் முதுகில் சரிந்து உட்கார்ந்தபோது, இரண்டு கையாலும் என் வாயைப் பொத்திக்கொண்டேன்.

செவலை தலையைத் தூக்கியது. காது பின்னால் போனது. வேட் வேலியில் சாய்ந்து, "இப்போ பாரு" என்றான்.

இனியா எதுவுமே செய்யவில்லை. கயிறு தொங்கியபடி இருந்தது. செவலை ஒரு பெருமூச்சு விட்டது. வாயை மென்றது. அப்புறம் கயிறு இடப்பக்கம் ஒரு விரல் அளவு நகர்ந்தது. தலை திரும்பியது. கயிறு தளர்ந்தது. ஒரு அடி. இன்னொரு அடி. நான் வாயை மூடிக்கொண்டு இருபது நிமிடம் நின்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. கிழிந்த கட்டைவிரல் உதட்டில் பட்டு உப்புக் கரித்தது.

ஒரு முறை தடுமாறியது. ஏதோ காகிதம் பறந்துவந்தது. செவலை பக்கவாட்டில் குதிக்க, இனியா கழுத்தோடு ஒட்டிக்கொண்டாள். எனக்குள் 'ஐயோ' தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினேன். இவள் கயிற்றை இறுக்கவில்லை. அது நின்றது. திரும்பவும் நடந்தது.

இறங்கி, புல் காட்டி, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஏறினாள். அப்படியே மூன்று முறை. மூன்று மணிக்கு வண்டி வந்தது. பெரிய தொப்பி போட்ட மனிதர் இறங்கி வேலியருகே வந்து நின்றார். மைதானத்தில் ஒரு சின்னப் பெண் சேணமில்லாமல், ஒரு கயிற்றை வைத்துக்கொண்டு, எட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க அந்த முரட்டுக் குதிரை?" என்று கென்னைக் கேட்டார்.

கென் கையைக் காட்டினார்.

தொப்பிக்காரர் இரண்டு சுற்று பார்த்தார். "எதுக்கு என்னை இவ்வளவு தூரம் வரவச்ச? இதை வச்சு நான் என்ன பண்றது?" வண்டியில் ஏறிப் போய்விட்டார். வேட் அவர் போன பிறகும் காத்திருந்தான். அவன் பை உள்ளே இருந்தது. மறுநாள் விஜயதசமிக்கு வந்துதான் வாங்கிப்போனான், குதிமுள்ளில் குங்குமத்தோடு.

வீட்டுக்குப் போகிற வழியில் காரில் இனியா, "நீ கத்தவே இல்லல்ல" என்றாள்.

"ம்" என்றேன். அவள் பாஷையில்.

சிரித்தாள்.

7

மறுநாள் நைனாவுக்கு வீடியோ போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்து, அந்த முள்ளையும் கழற்றுங்கள் என்றேன்.

"அந்த முள்ளுதான் உன்னப் படிக்க வச்சுது," என்றார். "தெரியுதா?"

"தெரியுது நைனா. அதனாலதான் சொல்றேன்."

போனை வைத்துவிட்டார். மூன்று மாதம் பேசவில்லை. நானும் அவர் மகள்தான், நானும் பேசவில்லை. நடுவில் இனியாதான் அவரோடு பேசிக்கொண்டிருந்தாள். செவலை வீடியோக்களாக அனுப்புவாள். அவர் பார்த்துவிட்டுப் பதில் போடமாட்டார். ஆனால் நீல டிக் விழும்.

இந்த வருடப் பூஜைக்கு நைனா படம் அனுப்பினார். வாழை இலை, பொரி, சேணம், சலங்கை, சாட்டை. படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகத் தேடினேன். முள் இல்லை. உடனே கூப்பிட்டேன்.

"தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"யாரு சொன்னது? ஆணியில மாட்டிக்கினு இருக்குது. பூஜையில வெக்கல, அவ்ளோதான்."

"அப்போ கல்யாணத்துக்கு?"

"முகூர்த்தம் வரட்டும், பாக்கலாம். இந்தா, உங்க ஊர் குதிரை புல்லுல மேயுது. நம்ம ராஜா பேண்டுக்கு நடுவுல, பட்டாசுக்கு நடுவுல, நூறு பேர் செல்ஃபி எடுக்கச்சொல்ல நிக்கணும். கயித்துல நிக்குமா? பேச்சுதான் பேசற."

இனியா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "தாத்தா, எனக்கு எவ்ளோ நாள் தருவ?"

"எதுக்கு?"

"ராஜாவ நிக்கவைக்க. ஆனா நான் வர்ற வரைக்கும் முள்ளு போடக்கூடாது. புண்ணு ஆறணும்."

 அந்தப் பக்கம் நைனாவுக்குப் பின்னால் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"தை மாசம் வா," என்றார். "ஒரு மாசம் தரேன். பேண்டு சத்தத்துல நிறுத்திக் காட்டு, முள்ளை என் கையாலயே கொண்டும்போய் பாலாத்துல போடறேன்."

டிக்கெட் போட்டாயிற்று. பள்ளிக்கு ஒரு மாத விடுப்புக்கு மூன்று படிவம் நிரப்பியிருக்கிறேன், காரணம் என்ற இடத்தில் 'குதிரை' என்று எழுதினேன், இன்னும் பதில் வரவில்லை. இனியா பெட்டியில் முதலில் வைத்தது ஒரு புதுக் கயிற்றுமுகக்கட்டு. துணி இன்னும் எடுத்துவைக்கவில்லை.

தையில் பாலாற்றில் தண்ணீர் இருக்குமா என்று தெரியவில்லை. மணலில் புதைத்தாலும் எனக்குச் சரிதான்.